தர்மபுரியில் இருந்துகொண்டு தொல்பூச்சிகளைப் படிக்கத் தொடங்குவது எப்படி?

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் எந்தக் கல்குவாரியில் போய்த் தேடினாலும் பூச்சியின் புதைபடிவம் கிடைக்காது. தொல்பூச்சிகளைப் பற்றிப் படிக்க ஆசையாக இருக்கிறது என்று வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். ஆசையைக் கெடுக்க அல்ல, சுத்தியலோடு தப்பான இடத்தில் அலையாமல் இருக்க. புதைபடிவப் பூச்சியைப் புரிந்துகொள்ளத் தேவையான அறிவில் பெரும்பகுதி நம் ஏரிக்கரையிலும் வீட்டுத் திண்ணையிலும் உயிரோடு பறந்துகொண்டிருக்கிறது. முக்கியமாகச் சிறகு. பூச்சிகளின் பழைய வரலாற்றில் நமக்குக் கிடைத்திருப்பது பெரும்பாலும் சிறகுகளே. சிறகைப் பார்க்கப் பழகியவர் தர்மபுரியில் உட்கார்ந்தபடியே பிரான்சில் கிடைத்த 30 கோடி ஆண்டுப் பழைய பூச்சியைப் பற்றிப் பேசலாம். அதனால் இந்த வழிகாட்டியும் சிறகைச் சுற்றியே இருக்கும்.

முதலில் காலக்கணக்கு

கோடி ஆண்டுகள் என்றால் மனசுக்குப் பிடிபடாது. தர்மபுரி பேருந்து நிலையத்திலிருந்து கிருஷ்ணகிரிக்குப் போகும் சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கோடி ஆண்டு. பேருந்து நிற்கும் இடம் இன்றைய நாள்.

கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பு கி.மு. 2172ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்று 2022இல் அறிவித்தார்களே, அது வண்டி 42 சென்டிமீட்டர் நகர்ந்தாலே வந்துவிடும். 30 மீட்டர் போனால் நம் மனித இனமே தோன்றியிராத காலம். ஆறரைக் கிலோமீட்டரில் டைனோசர்கள் அழிந்த இடம். பத்துக் கிலோமீட்டரில் மியான்மரின் கச்சின் மாநிலத்து ஆம்பர், அதாவது கல்லாக இறுகிப்போன பழைய மரப்பிசின். பதினோராவது கிலோமீட்டரைத் தாண்டியதும், இதுவரை தெரிந்தவற்றிலேயே மிகப் பழைய எறும்பு: பிரேசிலில் கிடைத்தது, ஆய்வு 2025இல் வெளியானது.

காரிமங்கலத்தை ஒட்டி 25 கோடி ஆண்டு. பெர்மியன் காலத்தின் முடிவில் நடந்த பேரழிவு இங்கே இருக்கிறது. பூச்சிகளின் வரலாற்றில் பெரிய பெரிய வம்சங்கள் ஒரேயடியாகக் காணாமல் போனது இந்த ஒரு சமயத்தில்தான். காரிமங்கலத்துக்கும் காவேரிப்பட்டணத்துக்கும் நடுவே ராட்சதப் பூச்சிகள் பறந்த நிலக்கரிக் காலம். காவேரிப்பட்டணம் தாண்டி, கிருஷ்ணகிரி வருமுன், 40 கிலோமீட்டருக்குச் சற்று மேலே, ஸ்காட்லாந்தின் ரைனி என்ற ஊரில் கிடைத்த மிகப் பழைய பூச்சித் தடயங்கள். அதோடு பூச்சிகளின் புதைபடிவப் பாதை முடிந்துவிடுகிறது.

சரி, நம் ஊர்ப் பாறை எங்கே? ஏறக்குறைய 250 கோடி ஆண்டு. கிருஷ்ணகிரியைக் கடந்து, ஓசூர், பெங்களூரு, தும்கூர் எல்லாம் தாண்டிப் போகவேண்டும். கறுப்பும் வெள்ளையுமாக வரி ஓடும் நைஸ் பாறையும் சார்னோகைட்டும் பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவானவை. அந்தக் காலத்தில் நுண்ணுயிர்கள் தவிர வேறு உயிர் கிடையாது. இருந்திருந்தாலும் அந்த வெப்பத்தில் தடயம் மிஞ்சாது.

இந்தக் கணக்கை நோட்டில் ஒரு கோடாக வரைந்துகொள்ளுங்கள். பிறகு எந்தச் செய்தியைப் படித்தாலும் அந்தப் பூச்சியை இந்தக் கோட்டில் ஒரு இடத்தில் வையுங்கள். டைனோசரையும் ராட்சதத் தட்டானையும் ஒரே படத்தில் போடும் தப்பு எவ்வளவு பெரியது என்று அப்போது தெரியும். இரண்டுக்கும் நடுவில் பல கோடி ஆண்டு இடைவெளி.

கல்லில் ஏமாறாமல் இருக்க

வீட்டுத் தரைக்குப் போடும் சுண்ணாம்புக்கல் பலகைகளில் சிலசமயம் பெரணி இலை மாதிரி கறுப்புக் கோலம் தெரியும். அது செடி அல்ல. கல்லின் விரிசலில் மாங்கனீசு கலந்த நீர் கசிந்து, தாதுவாகப் படிந்த உருவம். வயலில் கிடைக்கும் சுக்காங்கல் வேரைச் சுற்றி உருண்டு எலும்பு போலத் தோன்றும். நைஸ் பாறையின் மடிப்புகளில் பூரான், புழு எல்லாம் கண்ணுக்குத் தெரியும். பூச்சி என்றால் இரண்டு பக்கமும் ஒத்திருக்கும். கால்கள் ஜோடி ஜோடியாக வரும். சிறகின் நரம்புக்கு ஓர் ஒழுங்கு உண்டு. இந்த மூன்றும் இல்லாவிட்டால் கல்லைக் கீழே வைத்துவிடலாம்.

மல்லச்சந்திரம் கற்திட்டைகள், ஊர்தோறும் நிற்கும் நடுகற்கள் இவற்றின் பக்கம் சுத்தியலோடு போகாதீர்கள். கைவிட்ட குவாரிக் குழிகளில் இறங்கவும் வேண்டாம்; அங்கே தேடுவதற்கு ஒன்றும் இல்லை, தண்ணீர் மட்டும் ஆழம்.

சிறகைப் படிக்கும் பழக்கம்

இதற்குத் தேவையானவை மிகக் குறைவு. நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பது போன்ற, பத்து மடங்கு பெரிதாக்கும் மடக்கு லென்ஸ் ஒன்று. வெள்ளைத்தாள், பென்சில், பழைய தீப்பெட்டிகள். பூச்சியைக் கொல்ல வேண்டிய அவசியமே இல்லை. தெருவிளக்கின் அடியிலும் சிலந்தி வலையிலும் கிருஷ்ணகிரி அணையின் கரையிலும் உதிர்ந்த சிறகுகள் கிடக்கும். பறவை தட்டானைத் தின்னும்போது உடம்பை விழுங்கிவிட்டுச் சிறகை உதறிவிடும். சிறகில் சதை இல்லை. தின்ன லாயக்கில்லை, சீக்கிரம் அழுகவும் செய்யாது. கோடி ஆண்டுகளுக்கு முன்பும் இதேதான் நடந்தது. உடம்பு போய்ச் சிறகு மட்டும் சேற்றில் படிந்த புதைபடிவங்கள் அவ்வளவு இருப்பதற்குக் காரணம் இதுதான்.

ஈசலிலிருந்து தொடங்குங்கள். மழை விட்ட மறுநாள் காலையில் திண்ணை முழுக்கச் சிறகு கிடக்கும், பெருக்கித் தள்ளுவதற்குள் பத்து எடுத்துக்கொள்ளுங்கள். லென்ஸில் அதன் அடிப்பகுதியைப் பாருங்கள். கிழிந்த மாதிரி இருக்காது, வெட்டியெடுத்தது போல ஓர் ஓரம் இருக்கும். சிறகு ஒடிந்து விழுவதற்கென்றே அங்கே ஒரு கோடு இயற்கையாக அமைந்திருக்கிறது. தரையில் இறங்கியதும் ஈசல் அந்தக் கோட்டில் சிறகை முறித்துப் போட்டுவிட்டு மண்ணுக்குள் போகிறது. அடுத்து, முன்சிறகையும் பின்சிறகையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்: கிட்டத்தட்ட ஒரே அளவு, ஒரே வடிவம். புதைபடிவத்தில் தனிச்சிறகு ஒன்று இந்த முறிவுக்கோட்டோடு கிடைத்தால், உடம்பே இல்லாவிட்டாலும் அது கரையான் வம்சம் என்று சொல்ல முடிகிறது. அது மட்டுமல்ல, கூட்டமாக வாழ்ந்து, பருவத்தில் கிளம்பிப் பறந்து, சிறகை உதிர்க்கும் வாழ்க்கைமுறை அப்போதே இருந்தது என்றும் தெரிகிறது. ஒரு சிறகின் ஓரத்திலிருந்து இவ்வளவும் கிடைக்கிறது என்பது எனக்கு இன்றைக்கும் வியப்பாகத்தான் இருக்கிறது.

அப்புறம் தட்டான். அதன் சிறகைச் சாய்த்துப் பார்த்தால் தட்டையாக இல்லை என்பது தெரியும். ஒரு நரம்பு மேடு, அடுத்தது பள்ளம், மறுபடி மேடு என்று மடித்த தகடு போல இருக்கும். மெல்லிய சவ்வு வளையாமல் நிற்பது இதனால்தான். முன்விளிம்பின் நடுவாக்கில் ஒரு சிறு முடிச்சு இருக்கும், விளிம்பு நரம்பு அங்கே முறுக்கி மடங்கும். சிறகின் நுனிக்குப் பக்கத்தில் கறுப்பாகவோ பழுப்பாகவோ ஒரு நீளப் பொட்டு. இந்த முடிச்சையும் பொட்டையும் வரைந்துகொள்ளுங்கள். நடுவில் உள்ள சின்னச் சின்னக் கட்டங்களை எல்லாம் வரைய வேண்டாம். பெரிய நரம்புகள் போதும்.

ஏன் இந்த இரண்டும் முக்கியம்? பிரான்சின் கொமாந்திரி நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்த மெகாநியூரா என்ற ராட்சதப் பூச்சிக்கு 1885இல் சார்ல் பிரோன்யார் என்ற ஆய்வாளர் பெயர் வைத்தார். விரித்த சிறகின் அகலம் 65 சென்டிமீட்டருக்கு மேல், அதாவது இரண்டடியைத் தாண்டும். நம் ஊரில் மழைக்கு முன் கூட்டமாகப் பறக்கும் தட்டானுக்கு எட்டுச் சென்டிமீட்டர்தான். மெகாநியூராவை ராட்சதத் தட்டான் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். ஆனால் அதன் சிறகில் அந்தப் பொட்டு கிடையாது, முடிச்சும் இன்றைய தட்டானுக்கு இருப்பது போல முழுதாக அமையவில்லை. ஆகவே அது தட்டானின் பாட்டன் அல்ல, பங்காளி வம்சம்; தனியாகக் கிளைத்து, வாரிசு இல்லாமல் அழிந்துபோனது. கையில் ஒரு தட்டான் சிறகை வைத்துக்கொண்டு மெகாநியூராவின் படத்தைப் பாருங்கள், வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

கரப்பானைப் பார்க்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். அது சிறகை முதுகின்மேல் மடித்துப் படுக்கவைக்கும். தட்டானால் அது முடியாது, உட்கார்ந்தாலும் விரித்தபடிதான். சிறகை மடிக்க முடிந்த பூச்சிகள் இலைச்சருகுக்குள்ளும் பட்டையின் இடுக்கிலும் நுழைய முடிந்தது. இன்றைய பூச்சி இனங்களில் மிகப் பெரும்பான்மை இந்த வகை.

பட்டுப்புழு வளர்ப்பவர்கள் தர்மபுரிப் பக்கம் நிறையப் பேர். தெரிந்தவர் யாராவது இருந்தால் வளர்ப்பு மனைக்குப் போய், கூட்டிலிருந்து வெளிவந்த அந்துப்பூச்சியின் சிறகைப் பார்த்துவிட்டு வாருங்கள். தட்டானுக்கு இருந்த குறுக்கு நரம்புக் கூட்டம் இதில் காணவில்லை. சில நெடுக்கு நரம்புகள், மேலே செதில்தூள். புழு, கூட்டுப்புழு, அந்துப்பூச்சி என்று உருவே மாறும் இந்த வளர்ச்சிமுறையும் நிலக்கரிக் காலத்தில் தொடங்கியதுதான். வண்டு, ஈ, தேனீ, எறும்பு, பட்டாம்பூச்சி எல்லாம் இந்த முறையில் வந்தவை.

நரம்புகளுக்குப் பெயர் வேண்டுமென்றால், 1898இல் காம்ஸ்டாக், நீதம் என்ற இரண்டு அமெரிக்கர்கள் தொடங்கிவைத்த முறையைத்தான் உலகம் முழுவதும் பின்பற்றுகிறார்கள். முன்விளிம்பிலிருந்து எண்ணினால் கோஸ்டா, சப்கோஸ்டா, ரேடியஸ், மீடியா, கியூபிட்டஸ், ஏனல். தொடக்கத்தில் மனப்பாடம் செய்ய வேண்டாம். பத்துச் சிறகு வரைந்த பிறகு தானாக மனசில் நிற்கும்.

சேறு என்ன செய்கிறது

இரண்டு கண்ணாடிப் புட்டிகள் எடுங்கள். ஒன்றில் வெறும் தண்ணீர், மற்றொன்றில் தண்ணீரும் சல்லடையில் சலித்த ஏரி வண்டலும். செத்துக் கிடந்த பூச்சிகளைப் போட்டு, நிழலில் வைத்து, வாரம் ஒருமுறை பாருங்கள். பூச்சி மூழ்காமல் மிதந்துகொண்டே இருப்பதைக் கவனிப்பீர்கள். அகலச் சிறகு உள்ளது இன்னும் அதிக நாள் மிதக்கும், மிதக்கும் நாளெல்லாம் அழுகும், துண்டுதுண்டாகும். வேகமாக மூழ்கி, மெல்லிய சேற்றால் மூடப்பட்டதுதான் முழுசாகத் தப்பிக்கும். கடினமான முன்சிறகு கொண்ட வண்டுகள் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன என்றும் பாருங்கள்.

இதைப் பார்த்தவருக்குப் பூச்சிப் புதைபடிவங்கள் ஏன் குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும் குவியலாகக் கிடைக்கின்றன என்று புரிந்துவிடும். அமெரிக்காவின் புளோரிசன்ட்டில் எரிமலைச் சாம்பல் ஏரியில் விழுந்து 3.4 கோடி ஆண்டுப் பழைய பூச்சிகளை மூடியது. இன்று ஆப்பிரிக்காவில் மட்டும் வாழும் செட்சி ஈ அங்கே கிடைத்திருக்கிறது. ஜெர்மனியின் மெஸ்ஸலில் ஆக்சிஜன் இல்லாத ஏரியடி. அங்கே கிடைத்த வண்டுகளின் மினுமினுப்பு நிறம்கூட 4.7 கோடி ஆண்டுகளாக மிஞ்சியிருக்கிறது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து மேசன் கிரீக்கில் இரும்புத்தாது உருண்டைகளுக்குள். சீனாவின் லியாவ்னிங்கில் எரிமலைச் சாம்பல் கலந்த ஏரிப் படிவுகள்.

உடம்பே கிடைக்காமலும் பூச்சியைத் தெரிந்துகொள்ளலாம். புதைபடிவ இலைகளில் கடித்த ஓரம், இலைக்குள் புழு சுரங்கம் போட்ட பாதை, முடிச்சுப் புடைப்பு எல்லாம் தெரியும். கிருஷ்ணகிரி மாந்தோப்பு ஒன்றில் அரைமணி நேரம் இலைகளைப் புரட்டினால் இந்த மூன்றுக்கும் உயிருள்ள உதாரணம் கிடைத்துவிடும்.

பிசினில் மாட்டியவை

நாட்டு மருந்துக் கடையில் குங்கிலியம் கொஞ்சம் வாங்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பட்டைத் துணுக்கும் தூசியும் உள்ளே மாட்டியிருக்கும். குங்கிலியம் தரும் சால மரக் குடும்பத்தின் பிசின்தான் குஜராத்தில், சூரத் மாவட்டத்து வஸ்தான் நிலக்கரிச் சுரங்கத்தில் ஐந்து கோடி ஆண்டுகளுக்கு மேல் பழைய ஆம்பராகக் கிடைக்கிறது. 2010இல் வெளியான ஆய்வில் அதற்குள்ளிருந்து ஏறக்குறைய நூறு இனங்களை அடையாளம் கண்டிருந்தார்கள். இந்தியா அதற்கு முன் நெடுங்காலம் தனித்தீவாக மிதந்து வந்த நிலம். ஆகவே வேறெங்கும் இல்லாத விசித்திரப் பூச்சிகள் இருக்கும் என்றுதான் எதிர்பார்ப்பு. ஆனால் கிடைத்தவற்றில் பலவற்றுக்கு ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உறவினர்கள் இருந்தார்கள். இந்தியா ஆசியாவோடு ஒட்டுமுன்பே பூச்சிகள் வந்து போய்க்கொண்டிருந்தன என்று அர்த்தம். இந்திய வாசகர் ஒருவர் ஆம்பரைப் பற்றி ஒரே ஒரு விஷயம் படிக்கிறார் என்றால் இதைத்தான் படிக்கவேண்டும்.

ஆன்லைனில் ஆம்பர் வாங்காதீர்கள். பெரிய தேளோ பல்லியோ நடுவில் அழகாக உட்கார்ந்திருந்தால் பெரும்பாலும் பிளாஸ்டிக்கில் வார்த்தது. உப்பு கரையுமட்டும் கரைத்த தண்ணீரில் ஆம்பர் மிதக்கும், பிளாஸ்டிக் வகைகளில் பல மூழ்கும். ஆனால் முற்றாத பிசினும் மிதக்கும் என்பதால் இந்தச் சோதனையை மட்டும் நம்ப முடியாது. அசிட்டோன் ஒரு சொட்டு வைத்தால் முற்றாத பிசின் பிசுபிசுக்கும். மியான்மர் ஆம்பருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அது வெட்டப்படும் பகுதியில் ஆயுத மோதல் நடக்கிறது, விற்ற பணம் எங்கே போகிறது என்ற கேள்வியால் ஆய்வாளர்களில் பலரே அதைத் தொடத் தயங்குகிறார்கள். படிப்பதற்குப் படங்கள் தாராளமாகக் கிடைக்கும்போது கல் எதற்கு?

போய்ப் பார்க்க வேண்டியவை

முதல் பயணம் கோயம்புத்தூருக்கு: வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பூச்சி அருங்காட்சியகம். இன்றைய பூச்சி வரிசைகளில் (தட்டான், வண்டு போன்ற பெரும் பிரிவுகளில்) பலவற்றை ஒரே கூரையின் கீழ் பார்த்துவிடலாம். குழந்தைகளைக் கட்டாயம் கூட்டிப் போங்கள்.

புதைபடிவம் எப்படி இருக்கும் என்று பார்க்க ஊத்தங்கரை, திருவண்ணாமலை, செஞ்சி வழியே திருவக்கரை போகலாம். கல்லாகிப்போன பெருமரங்கள் படுத்துக் கிடக்கும். ஒரு துணுக்குக்கூட எடுத்துவரக் கூடாது. அரியலூர் வாரணவாசியில் அருங்காட்சியகம் இருக்கிறது. ஆனால் அந்தப் பாறைகள் கடலடியில் படிந்தவை என்பதால் நத்தை வகைகளும் அம்மோனைட்டுகள் என்ற சுருள் ஓட்டுக் கடலுயிரிகளும்தான், பூச்சியைத் தேடி ஏமாறாதீர்கள். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் நிலவியல் பகுதி ஒரு நாள் பார்க்கத் தகும். தென்னிந்தியாவில் பூச்சிப் புதைபடிவம் தந்த பாறை என்றால் தெலங்கானாவின் கோட்டா அடுக்கு, ஜுராசிக் காலத்து ஏரிச் சுண்ணாம்புக்கல். இதையே படிப்பாக எடுக்க நினைக்கும் மாணவர்கள் விலங்கியலோ நிலவியலோ படித்துவிட்டு லக்னோவின் பீர்பல் சாஹ்னி நிறுவனத்தை நோக்கித் திட்டமிடலாம். பக்கத்தில் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில் நிலவியல் துறை இருக்கிறது.

செய்தி வந்தால் எப்படிப் படிப்பது

நான்கு கேள்விகள் போதும். கிடைத்தது எந்த உறுப்பு? எந்தப் பாறை அடுக்கில்? வயதை எப்படிக் கணித்தார்கள்? அந்தப் புதைபடிவம் இப்போது எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது?

முதல் கேள்விதான் மிக முக்கியம். ரைனியோக்னாத்தா என்று ஸ்காட்லாந்தில் கிடைத்தது ஒரு ஜோடித் தாடைதான். 1928இல் பெயர் வைத்தார்கள். 2004இல் அது பூச்சியேதான், சிறகு உள்ள வம்சத்துக்கு நெருக்கம்கூட என்று எங்கெல், கிரிமால்டி என்ற ஆய்வாளர்கள் இருவரும் வாதிட்டார்கள். 2017இல் வேறு இரு ஆய்வாளர்கள் அதைப் பூரான் வகையின் பக்கம் தள்ளினார்கள். தாடையை மட்டும் வைத்து ‘உலகின் முதல் பூச்சி’ என்று தலைப்புப் போடும் செய்தியைப் பார்த்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

‘கரப்பான் டைனோசருக்கும் மூத்தது’ என்பதும் பாதி உண்மை. நிலக்கரிக் காலத்தில் கரப்பான் சாயலில் நிறையப் பூச்சிகள் இருந்தன. அவற்றுக்கு வால்பக்கம் நீண்ட முட்டையிடும் குழல் இருந்தது. இன்றைய கரப்பான் முட்டைகளைப் பை போன்ற ஓர் உறைக்குள் வைக்கிறது, வெளியே நீளும் குழல் கிடையாது. மூதாதை என்று சொல்லலாம், அதே பூச்சி என்று சொல்லக் கூடாது.

ராட்சத உருவத்துக்குக் காற்றில் இருந்த அதிக ஆக்சிஜன்தான் காரணம் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். பூச்சிக்கு நுரையீரல் இல்லை, உடம்புப் பக்கத்துத் துளைகள் வழியே காற்று குழாய்களில் போகிறது; ஆகவே இந்த விளக்கம் பொருத்தமாகவே இருக்கிறது. 2012இல் மேத்யூ கிளாபம், ஜெரட் கார் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 10,500க்கும் மேற்பட்ட புதைபடிவச் சிறகுகளின் அளவைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய 15 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை ஆக்சிஜன் ஏறும்போது பூச்சியின் அளவும் ஏறியது. அதன்பிறகு ஆக்சிஜன் ஏறியும் பூச்சி பெருக்கவில்லை. பறவைகள் வந்துவிட்டன, பெரிய பூச்சி எளிதில் பிடிபடும் என்பது அவர்கள் தந்த விளக்கம்.

கடைசியாக, வீட்டிலிருந்தே செய்யக்கூடிய ஒரு பயிற்சி. பேலியோபயாலஜி டேட்டாபேஸ் என்ற தளம் இலவசம். அதன் உலக வரைபடத்தில் காலத்தையும் உயிரினத்தின் பெயரையும் கொடுத்தால் புதைபடிவம் கிடைத்த இடங்கள் புள்ளிகளாக வரும். லத்தீன் பெயரை ஆங்கில எழுத்தில் கொடுக்கவேண்டும்: தட்டானுக்கு ஓடோனேட்டா (Odonata), வண்டுக்குக் கோலியாப்டெரா (Coleoptera), கரப்பானுக்கும் கரையானுக்கும் சேர்த்து பிளாட்டோடியா (Blattodea). ஒரே வரிசையைப் பெர்மியன், டிரையாசிக், கிரெட்டேசியஸ் என்று காலம் மாற்றி மாற்றிப் பாருங்கள். புள்ளி அதிகம் இருக்கிறது என்பதற்காக அங்கே பூச்சி அதிகம் வாழ்ந்தது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஏரிச்சேறு இருந்ததும், தோண்டிப் பார்க்க ஆள் இருந்ததும் அந்த இடங்களில். ஒவ்வொரு புள்ளியையும் திறந்து பாறையின் பெயரையும் வயதையும் நோட்டில் குறித்து, நீங்கள் வரைந்த சாலைக் கோட்டில் அதன் கிலோமீட்டரை எழுதிவிடுங்கள்.